காரியாபட்டி வரை சுடுகாற்று

கார் ஏசியில் அனல் வந்த அன்று நான் முதலில் செய்த காரியம், வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் பத்தடி தள்ளி நின்றுகொண்டதுதான். எங்கேயாவது புகை தெரிந்தால் ஓடுவதற்கு எந்தத் திசை தோது என்றுகூடப் பார்த்து வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற பாளையம்பட்டி விலக்கில், மண்டையைப் பிளக்கும் சித்திரை வெயிலில், ஒருவன் தன் சொந்தக் காரையே வெறிநாயைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட டவுன் பஸ்ஸு டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"என்ன அண்ணாச்சி, கடிச்சிருச்சா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அவர் தினமும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகிறவர். ஆகவே சாயங்காலத்துக்குள் செய்தி ஊருக்குத் தெரிந்துவிடும்.

தீ ஒன்றும் பிடிக்கவில்லை. மற்ற கார் என்றால் சீக்கு வந்தால் இருமும், புகை விடும், நடுரோட்டில் படுத்துக்கொள்ளும். இது பேட்டரிக் கார். நன்றாக இருந்தாலும் சத்தம் கிடையாது, கோளாறு வந்தாலும் சத்தம் கிடையாது. என் வீட்டம்மாவின் கோபத்தைப் போல. நாமாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வீட்டம்மா அப்போது கனடாவில் இருந்தாள். மகளுக்குத் தலைப்பிரசவம் பார்க்க ஐப்பசி மழையில் கிளம்பிப் போனவள், தை பிறந்ததும் வந்துவிடுவேன் என்றாள். தையில் பேத்திக்குச் சளி. மாசியில் மகளுக்கு முதுகுவலி. பங்குனியில் யாருக்கும் ஒன்றும் இல்லை, ஆனாலும் வரவில்லை. சித்திரையில்தான் ஒருவழியாக டிக்கெட் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதுரை ஏர்போர்ட்டில் இறங்குகிறாள். ஏசி அனல் கக்கியது அதற்கு முந்தின புதன்கிழமை.

ஏசி இல்லாவிட்டால் என்ன, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் என் வீட்டம்மாவோடு பஸ்ஸில் போனதில்லை. கல்யாணம் முடிந்து திருச்சுழிப் பக்கமிருந்து அருப்புக்கோட்டைக்கு அழைத்து வந்தபோதே, பாதி வழியில் என் பட்டு வேட்டியில்தான் அவள் எங்கள் இல்லற வாழ்க்கையைத் தொடங்கி வைத்தாள். வெக்கையும் வண்டியும் சேர்ந்தால் அவளுக்குக் குடல் புரண்டுவிடும். கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் அவள் எந்தப் பயணமும் போனதில்லை. மதுரை ரோட்டில் எந்த வேப்பமரத்தடி நிழலானது, எந்தப் பாலத்துச் சுவர் சாய்ந்துகொள்ளத் தோதானது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மற்றவர்கள் மனைவியைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போனார்கள் என்றால், நான் என் மனைவியை ஒவ்வொரு பாலமாகக் கூட்டிப் போயிருக்கிறேன்.

இந்தப் பேட்டரிக் காரை வாங்கியதே அவளுக்காகத்தான். டீசல் வாடை இல்லை, குலுக்கல் இல்லை, ஏசி போட்டால் பால் உறைகிற குளிர். கனடாவுக்குப் போக ஏர்போர்ட்டில் விட்டபோதுதான் முதல் தடவையாக நெடுந்தூரம் ஏறினாள். வழக்கம் போலக் கையில் எலுமிச்சம்பழம். காரியாபட்டி தாண்டியும் அதை மோந்து பார்க்கவில்லை. ஏர்போர்ட் வாசலில் அதை டேஷ்போர்டில் வைத்துவிட்டு, "இதுக்கு இனி வேலையில்ல போல" என்று சொல்லி இறங்கிப் போனாள்.

அந்தப் பழத்தை நான் எடுக்கவில்லை. அது காய்ந்து சுருங்கிக் கோலிக்குண்டு அளவாகி, வளைவில் திரும்பும்போதெல்லாம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உருண்டுகொண்டு கிடந்தது. கடைக்கு வருகிறவர்கள் யாராவது காரில் ஏறினால், "திருஷ்டிக்கா?" என்பார்கள். ஆமாம் என்பேன். உரமும் விதையும் விற்கிற கடைக்காரன், காய்ந்த எலுமிச்சம்பழத்தை வேறு எதற்கு வைத்திருப்பான் என்று அவர்களும் விட்டுவிடுவார்கள்.

வெக்கையைவிட எனக்கு வேறொரு பயமும் இருந்தது. மகள் போனில் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். "அம்மா இங்கயே இருக்கட்டுமேப்பா. அந்த வெயில்ல வந்து அங்க என்ன செய்யப் போறாக?" மகள் சொன்னது பெரிதில்லை. பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாக்காரி, "அதெப்படி" என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும்தான் வந்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரை அவள் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை வரக் கூடாது. வந்தால், அங்கேயே இருந்திருக்கலாம் என்று மனசு சொல்லிவிடும். அப்படிப்பட்ட நேரத்தில்தான் இந்த வண்டி என் மூஞ்சியில் அடுப்பை ஊதியது.

இதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால் நடந்த இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போனில் அவள் கழுத்துவலி என்றாள். "இங்க தலகாணியா வச்சிருக்காக? தல வச்சா கீழ போயிருது, எந்திரிச்சா கூடவே எந்திரிக்குது. ரொட்டில படுத்த மாதிரி இருக்கு." நான் சிரித்தேன். போனை வைத்ததும் அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டேன். என் மச்சான். திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டில் கொத்தமல்லியும் கம்பும் போடுகிறவர். அவர் கிணற்று மேட்டில் ஒற்றை இலவமரம் ஒன்று நிற்கிறது. அந்த மரத்துப் பஞ்சில் படுத்து வளர்ந்தவள்தான் அவள்.

மறுநாளே ஒரு சாக்கு நிறையக் காயைப் பறித்து, வண்டியில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இலவு காத்த கிளின்னு சொல்லக் கேட்டுருக்கேன் மாப்ள. மூஞ்சிய இப்பத்தான் நேர்ல பாக்குறேன்."

"உங்க தங்கச்சிட்ட மூச்சு விட்றாதீக."

"ஏன்?"

"பாசம்னு நெனச்சுக்குவா."

"அப்ப இது என்ன?"

"கழுத்துவலிக்கு வைத்தியம்."

இலவம் பஞ்சோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், அது பஞ்சு இல்லை, புகை. மூச்சு விட்டால் பறக்கும். வீட்டுக்குள் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது, ஃபேன் போட்டால் பஞ்சு பூஜை அறை வரை போகும். ஆகவே யோசித்து, காற்றே வராத இடமாகப் பார்த்து, கார் நிற்கிற தகரக் கொட்டகைக்குப் போனேன். மூன்று பக்கம் சுவர். வாசலில் கார். கதவைச் சாத்திக்கொண்டு, காருக்கு முன்னால் கோரைப் பாயை விரித்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, காயை உடைத்து விதை எடுத்து உறைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று மத்தியானம் அந்த வேலை நடந்தது. பக்கத்தில் கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் நேரத்தில் சார்ஜ் போட்டால் பேட்டரியைக் குளிர்விக்க அது முன்னால் உர்ரென்று இரையும். எனக்கு ஏதோ பேச்சுத்துணை இருப்பது மாதிரி நன்றாக இருந்தது. வேலை முடிந்து பார்த்தால் தரையில் ஒரு துரும்பு பஞ்சு இல்லை. என்ன சுத்தமான வேலைக்காரன் நான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏசிக்கு வருகிறேன்.

முதலில் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் அடக்கமாகப் பேசினாள். வண்டியை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் போடச் சொன்னாள். போட்டேன். அனல். வெப்பத்தைக் கூட்டுகிற பொத்தான் தவறிப்போய் அமுங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். இல்லை. கடைசியாகக் கேட்டாள்.

"முன்பக்கம் காற்று போற வழியில ஏதாவது அடைச்சிருக்கா பாருங்க சார்."

"முன்பக்கம் நான்தாம்மா நிக்கிறேன். கொஞ்சம் பெரிய அடைப்புத்தான், ஒத்துக்கிறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. நான் பார்க்கத்தான் செய்தேன். பழைய கார்களுக்கு முன்னால் பல் வரிசை மாதிரி கம்பி தெரியும். இந்தக் காருக்கு மூஞ்சி மொழுமொழுவென்று இருக்கிறது. வாயும் இல்லை, மூக்கும் இல்லை. அடைக்க என்ன இருக்கிறது? "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டேன். மூக்கு அடியில், பம்பருக்குக் கீழே இருக்கிறது என்றும், அதைப் பார்க்கக் குத்துக்கால் வைத்து உட்கார வேண்டும் என்றும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். முட்டி வலி வந்ததிலிருந்து, கீழே விழுந்த சாவியைக்கூடக் காலால்தான் எடுக்கிறேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் போய் ஏசியைப் போட்டுப் பார்த்தேன். ஜில்லென்று வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. தேங்காய் வாங்கி வந்து சூறை விட்டேன். கடைக்குக் கிளம்பி அருப்புக்கோட்டை எல்லையைத் தொடும்போது மறுபடி அனல். தேங்காய்ச் சில்லைப் பொறுக்கிக்கொண்டு போன ஆட்டைத் தவிர யாருக்கும் லாபமில்லை.

அருப்புக்கோட்டையில் கார் ஏசி பார்க்கிற ஒருவர் இருக்கிறார். பானெட்டைத் திறந்தார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் தடித்தடியாக வயர் ஓடியது. திறந்த வேகத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இந்தக் கலரு வயரத் தொட்டா அம்புட்டுத்தான் அண்ணாச்சி. நான் பிள்ளகுட்டிக்காரன்."

"நான் மட்டும் என்ன சாமியாரா?"

"ஆறு மாசமா அப்பிடித்தான திரியிறீக."

உள்ளே இருக்கிற ஃபில்டரை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு அது சுத்தமாக இருக்கிறது என்றார். கேஸ் இறங்கியிருக்கலாம், மதுரைக்குத்தான் கொண்டு போக வேண்டும் என்றார். மதுரை சர்வீஸ் சென்டரில் கேட்டால் செவ்வாய்க்கிழமைதான் பார்க்க முடியும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை வரை அவளை ஆகாயத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கச் சொல்ல முடியுமா? வாடகைக் காருக்கு அலைந்தேன். ஞாயிற்றுக்கிழமை நல்ல முகூர்த்தம். பாலவனத்தம் தொட்டு மல்லாங்கிணறு வரை எல்லாக் காரும் வாழைக்குலை கட்டிக்கொண்டு மாப்பிள்ளை அழைப்புக்குப் போய்விட்டன.

மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மீன் கடைல ஐஸ் கட்டி வாங்கி ஒரு வாளில வச்சுக்கிருங்க மாப்ள. ஜில்லுன்னு போகலாம்."

"மீன் வாடை அடிக்குமே."

"வாந்தி எடுக்கிறவளுக்கு எந்த வாடையா இருந்தா என்ன?"

அவருடைய தங்கச்சி என்றுகூடப் பார்க்காமல் சொன்னார். மீன் ஐஸை விட்டுவிட்டு, பால்கடையில் இரண்டு பாக்கெட் தயிரும் ஒரு ஈரத் துண்டும் எடுத்துக்கொண்டேன். தயிர் எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதற்றத்தில் குளிர்ச்சியான எதைப் பார்த்தாலும் வாங்கினேன்.

ஏர்போர்ட் வாசலில் கூட்டத்தோடு நின்றேன். முதலில் என்ன சொல்வது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். கண்ணாடிக் கதவு திறந்தது. சுங்குடிச் சேலை, அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஷூ. முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. காதோரம் நரை கூடியிருந்தது. ஆறு மாதம் பார்க்காத நரை. நான் இல்லாத இடத்தில் நரைத்திருக்கிறது.

"ஷூவெல்லாம் பலமா இருக்கு" என்றேன். ஒத்திகை பார்த்தது இது இல்லை.

"என்ன இப்பிடிக் கறுத்துட்டீக?" என்றாள்.

அவ்வளவுதான். பெட்டிகளை ஏற்றினேன். கார் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஏசி தன் குணத்தைக் காட்டியது. நான் முந்திக்கொண்டேன்.

"பனிக்குள்ள இருந்து வந்திருக்க. ஒடனே குளுரடிச்சா ஒடம்புக்கு ஆகாது. அதான் கொஞ்சம் கொஞ்சமா."

அவள் ஜன்னலை இறக்கினாள். வெளியிலிருந்தும் அதே காற்றுத்தான் வந்தது. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். டேஷ்போர்டில் உருண்டுகொண்டிருந்த காய்ந்த பழம் அவள் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"மக ஆவணில வேலைக்குப் போகணுமாம்" என்றாள். "பிள்ளைய யார்ட்ட விடுறதுன்னு அழுகுறா."

மறுபடி போவாயா என்று நான் கேட்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். ஏசிப் பொத்தானை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தேன். வெறும் அனல்தான் ஊதிக்கொண்டிருந்தது.

காரியாபட்டி வருவதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. "நிப்பாட்டுங்க" என்றாள். நாங்கள் வழக்கமாக நிறுத்துகிற வேப்பமரம் இன்னும் அங்கேயே நின்றது. அதனடியில் நிறுத்தினேன். இறங்கிக் காருக்கு முன்னால் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தாள். எனக்கு அந்தச் சத்தம் பழகிய சத்தம். தண்ணீர்ப் பாட்டிலோடு பக்கத்தில் நின்றேன். இப்படியா வீட்டுக்கு அழைத்து வருவது என்று என்னையே திட்டிக்கொண்டேன். வாய் கொப்பளித்தாள், முகத்தைக் கழுவினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. காரின் அடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளோ என்று நினைத்தேன்.

"இங்க வாங்க."

"முட்டி."

"முட்டி கெடக்கட்டும். குனிங்க."

காரைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பம்பருக்குக் கீழே நீளமாகக் கறுப்புச் சட்டங்கள். அதற்குப் பின்னால், ஜமக்காளம் விரித்த மாதிரி, அழுக்கு வெள்ளையில் என்னவோ அப்பியிருந்தது. அவள் ஜாக்கெட்டிலிருந்து ஊக்கைக் கழற்றிச் சட்டத்துக்குள் விட்டு இழுத்தாள். அடையடையாக வந்தது. நடுவில் மிளகு மாதிரி ஒரு விதை. அதை விரலில் உருட்டிப் பார்த்தாள்.

"இலவம் பஞ்சுல்ல? காருக்குள்ள எப்பிடி?"

நான் ரோட்டில் போகிற லாரியைப் பார்த்தேன்.

"ஏங்க. ஒங்களத்தான்."

"கொட்டகைல வச்சு வேல பாத்தேன். அங்கதான் ஃபேன் இல்லைன்னு."

"என்ன வேல?"

"தலகாணி."

"யாருக்கு?"

எத்தனையோ பேரை எதிர்ப்பேச்சு பேசியே மடக்கியவன் நான். அந்த வேப்பமரத்தடியில், இடுப்பு ஒடிந்த வாக்கில் குனிந்து நின்றுகொண்டு, கறுப்புச் சட்டங்களை எண்ணினேன். ஃபேன் இல்லாத இடம் என்று தேடிப் போய், காரின் ஃபேன் வாயிலேயே உட்கார்ந்து பஞ்சை ஊட்டியிருக்கிறேன். சார்ஜ் ஏறும்போது உர்ரென்று எனக்குப் பேச்சுத்துணைக்கு இருந்தது அதுதான். அவளுக்கென்று உடைத்த பஞ்சை எல்லாம் அது தின்று வைத்திருந்தது.

அவள் கொஞ்ச நேரம் என் வேட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டங்களுக்கு நடுவில் மிச்சமிருந்ததையும் பொறுமையாக நோண்டி எடுத்தாள். பாட்டிலில் இருந்த தண்ணீரை உள்ளே பீய்ச்சினாள். எடுத்த பஞ்சைத் தூரப் போடுவாள் என்று பார்த்தேன். உதறி, தட்டி, கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டுக்கொண்டாள்.

"அழுக்குத்தான அது."

"எங்க கெணத்து மேட்டுப் பஞ்சு" என்றாள். அவ்வளவுதான்.

வண்டியைக் கிளப்பினேன். சிறிது தூரம் வெதுவெதுப்பாக வந்தது. பிறகு, யாரோ பானையைத் திறந்தது மாதிரி, குளிர்ந்தது. அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, காய்ந்த எலுமிச்சம்பழத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு சாய்ந்தாள். தூங்கிவிட்டாள். பல நாள் தூக்கம் போல, வாய் லேசாகத் திறந்து.

பாளையம்பட்டி விலக்கு வந்தது. திரும்பினால் இரண்டு நிமிடத்தில் வீடு. வீடு வந்தால் எழுந்துவிடுவாள். எழுந்தால் பெட்டியைத் திறப்பாள், வீடு கூட்டுவாள், போன் வரும், ஆவணி மாதம் பக்கத்தில் வந்து நிற்கும். நான் திரும்பவில்லை. நேரே அருப்புக்கோட்டைக்குள் புகுந்து திருச்சுழி ரோட்டைப் பிடித்தேன். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. தண்ணீரில்லாத கண்மாய். வெயில் வெளியே ஆடிக்கொண்டிருந்தது, உள்ளே அவள் மூச்சு மட்டும் கேட்டது. பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. வழக்கமாக அந்த எண்ணைப் பார்த்தால் உடனே வீட்டுக்குத் திருப்பிவிடுவேன். அன்றைக்குப் போய்க்கொண்டே இருந்தேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "வீடு தாண்டிருச்சு."

"தெரியும்."

"அப்ப சரி."

அவள் ஆவணியில் மறுபடி போனாள். பேத்தி அழுதால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? பெட்டி கட்டும்போது நானே தலையணையைக் கொண்டு வந்து கட்டிலில் வைத்தேன். சட்டத்திலிருந்து எடுத்த பஞ்சையும் அலசிக் காயவைத்து அதற்குள்தான் திணித்திருந்தாள். பெட்டியில் இடமிருந்தது. வெயிட்டும் இல்லை. அவள் அதைத் தூக்கித் தன் பக்கத்துத் தலைமாட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"அங்க கழுத்து வலிக்குமே."

"வலிக்கட்டும். வந்து படுக்க எனக்கு இங்க தலகாணி வேணாமா?"

இப்போது போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்டதும், அடுத்த கேள்வி, "தலகாணிய வெயில்ல போட்டீகளா?" இலவம் பஞ்சை அவ்வப்போது வெயில் காட்டினால்தான் உப்பும். எங்கள் ஊரில் வேறு எதற்குப் பஞ்சமிருந்தாலும் வெயிலுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து காரின் மூக்கைத் துடைக்கிறேன். துடைத்துவிட்டு, காரை வாசலுக்குக் கொண்டு வந்து நிறுத்தி, பானெட்டின் மேல் தலையணையை வைக்கிறேன். வேறு இடத்தில் வைத்தால் கோழி ஏறுகிறது.

போன வாரம் டவுன் பஸ்ஸு வேகத்தைக் குறைத்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி, காருக்குத் தலவலியா?"

"இல்லப்பா, அவுக வார வரைக்கும் படுத்துருக்கு" என்றேன்.